உண்ணிக் காய்ச்சலும் உடைப் பாதுகாப்பும்: வயல்வெளி, புதர்க்காடு, எலி வேட்டைக்குச் செல்வோருக்கான வழிகாட்டி

சுருக்கம்

• ஸ்க்ரப் டைபஸ் எனப்படும் உண்ணிக் காய்ச்சல், கண்ணுக்கு எளிதில் தென்படாத சிற்றுண்ணி கடிப்பதால் பரவுகிறது. மழைக்காலத்திலும் அதனைத் தொடரும் குளிர் மாதங்களிலும் தமிழ்நாட்டில் மிகுதியாகக் காணப்படுகிறது.
• இந்நோய்க்குத் தடுப்பூசி இல்லை. உடலை மூடும் உடை, வேலை முடிந்தவுடன் குளியல், உடை மாற்றுதல் ஆகியவையே முதன்மையான பாதுகாப்பு.
• உடைக்கெனத் தயாரிக்கப்பட்ட பெர்மெத்ரின் மருந்தைத் துணியில் ஏற்றுவது கூடுதல் பாதுகாப்பு தரும். அதனைத் தோலில் பூசக் கூடாது.
• பயிருக்கு அடிக்கும் பூச்சிக்கொல்லியை ஒருபோதும் உடையில் தெளிக்காதீர்கள். அது உயிருக்கு ஆபத்து.
• வயலுக்கோ காட்டுக்கோ சென்று வந்த மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், சென்று வந்த செய்தியை மருத்துவரிடம் தவறாமல் கூறுங்கள்.

உண்ணிக் காய்ச்சல் என்பது என்ன?

இந்நோயை உண்டாக்குவது ஓரியன்சியா சுட்சுகாமுஷி என்னும் பாக்டீரியா. இதனை மனிதருக்குக் கொண்டு சேர்ப்பது மாட்டிலும் நாயிலும் ஒட்டியிருக்கும் பெரிய உண்ணி அன்று. சிற்றுண்ணி இனத்தைச் சேர்ந்த பூச்சியின் இளம்பருவமே இதனைப் பரப்புகிறது. சிகர் என அழைக்கப்படும் இவ்விளம்புழு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். கடிக்கும்போது வலி தெரியாது. ஆகவே, "என்னை எந்தப் பூச்சியும் கடிக்கவில்லை" என்று நோயாளி உறுதியாகக் கூறினாலும் இந்நோய் இல்லை என்று முடிவு செய்துவிட இயலாது.

சிற்றுண்ணியின் வாழ்வில் இளம்புழுப் பருவம் மட்டுமே பிற உயிர்களின் உடலில் ஒட்டி உணவு கொள்கிறது. வளர்ந்த பருவங்கள் மண்ணிலேயே வாழ்கின்றன. இளம்புழு இயல்பாக நாடுவது எலி, மூஞ்சூறு போன்ற சிறு விலங்குகளை. அவை நடமாடும் புல்தரை, வரப்பு, வேலியோரப் புதர், தரிசு நிலம் ஆகிய இடங்களில் புல் நுனியிலும் சருகிலும் காத்திருந்து, கடந்து செல்லும் மனிதர் மீதும் ஏறிவிடுகிறது. ஒரே வயலில் ஓர் இடத்தில் மிகுதியாகவும், பத்தடி தள்ளி அறவே இல்லாமலும் இருக்கக்கூடும்.

இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. நோயாளியைத் தொடுவதாலோ, அவருடன் உண்பதாலோ, அவருக்குப் பணிவிடை செய்வதாலோ பரவாது.

கீழ்பென்னாத்தூர் பகுதியில் யார் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்?

தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் உண்ணிக் காய்ச்சல் பல ஆண்டுகளாகப் பதிவாகி வருகிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் பங்கேற்ற ஓர் ஆய்வில், 2020 முதல் 2022 வரை தமிழ்நாட்டின் 37 கிராமங்களில் ஏறத்தாழ 32,000 பேர் தொடர்ந்து கண்காணிக்கப்பட்டனர். மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய அளவுக்குக் கடுமையாகும் காய்ச்சல்களுக்கு இந்நோய் ஒரு முக்கியக் காரணம் என அவ்வாய்வு காட்டியது. ஊரகத்தில் வாழும் எவருக்கும் இது வரலாம் எனினும், பின்வருவோர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்:

• நெல், மணிலா, கரும்பு வயல்களில் களையெடுப்போர், அறுவடை செய்வோர்
• வயல் எலி பிடிப்போர்
• ஆடு மாடு மேய்ப்போர், புல் அறுப்போர், விறகு பொறுக்குவோர்
• கவுத்திமலை, சவ்வாது மலை போன்ற குன்றுப் பகுதிகளுக்குச் சென்று வருவோர்
• திறந்தவெளியைக் கழிப்பிடமாகப் பயன்படுத்துவோர்
• கார்த்திகை தீபம், பௌர்ணமி நாட்களில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடந்து, வழியில் புல்தரையிலோ மரத்தடியிலோ படுத்து இளைப்பாறுவோர்

எலி வேட்டையில் உள்ள தனி ஆபத்து

வட மாவட்டங்களில் இருளர் உள்ளிட்டோர் வயல் எலி பிடிப்பதை நெடுங்காலமாக வாழ்வாதாரமாகக் கொண்டுள்ளனர். பயிரைக் காக்கும் இத்தொழிலில்தான் சிற்றுண்ணியுடன் மிக நெருங்கிய தொடர்பு ஏற்படுகிறது. வளையைத் தோண்டும்போது வரப்பில் மண்டியிட்டு அமர்கிறோம். புகை ஊதுவதற்காகத் தரையோடு குனிகிறோம். வளைக்குள் தோள்வரை கையை விடுகிறோம். சிற்றுண்ணி மிகுதியாக இருக்கும் இடம் அவ்வளையும் அதன் சுற்றுப்புறமுமே. பிடிபட்ட எலி உயிரிழந்ததும், அதன் காதிலும் வயிற்றிலும் ஒட்டியிருக்கும் பூச்சிகள் வேறு உடலைத் தேடத் தொடங்கலாம். எனவே பிடித்த எலியை மடியிலோ தோளில் தொங்கும் துணியிலோ சுமக்காமல், வாய் கட்டிய சாக்கில் உடலைத் தொடாதவாறு எடுத்துச் செல்லுங்கள்.

குறிப்பு: காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி வன விலங்குகளை வேட்டையாடுவது குற்றமாகும். இப்பக்கத்தில் எலி வேட்டை எனக் குறிப்பிடுவது பயிர் நிலத்தில் வயல் எலி பிடிப்பதை மட்டுமே.

உடை எவ்வாறு பாதுகாக்கிறது?

சிற்றுண்ணி பறப்பதில்லை, தாவுவதில்லை. காலிலோ கையிலோ ஏறி, உடலின் மேற்புறம் நோக்கி ஊர்ந்து செல்கிறது. உடை இறுகி உடலோடு ஒட்டும் இடத்தை அடைந்ததும் அங்கு நின்று கடிக்கிறது. இதனால்தான் கடித்த தழும்பு அக்குள், இடுப்பைச் சுற்றிப் பாவாடை நாடாவோ அரைஞாண் கயிறோ படியும் இடம், தொடை இடுக்கு, மார்பகத்தின் அடிப்பகுதி, பிறப்புறுப்பு ஆகிய மறைவான பகுதிகளில் காணப்படுகிறது.

இப்பயணத்தை இரண்டு வழிகளில் தடுக்கலாம். ஒன்று, பூச்சி உடைக்குள் நுழையும் வாயில்களை அடைப்பது. மற்றொன்று, அது ஊர்ந்து செல்லும் துணியிலேயே அதனைக் கொல்லும் மருந்தை ஏற்றி வைப்பது.

இரண்டாம் உலகப் போரின்போது பர்மா, நியூகினி காடுகளில் ஆயிரக்கணக்கான படைவீரர்கள் உண்ணிக் காய்ச்சலால் பாதிக்கப்பட்டனர். அந்நாளில் இந்நோய்க்கு மருந்து இல்லை. குளோராம்பெனிக்கால் இந்நோயைக் குணப்படுத்தும் என்பது 1948-இல்தான் நிறுவப்பட்டது. ஆகவே வீரர்களின் சீருடையில் டைமெத்தில் தாலேட், டைபியூட்டைல் தாலேட் போன்ற வேதிப்பொருள்களைத் தடவும் முறை கைக்கொள்ளப்பட்டது. இன்று அவற்றின் இடத்தைப் பெர்மெத்ரின் பெற்றுள்ளது. அமெரிக்கப் படையினரின் சீருடைகளில் 1990-கள் முதல் இது பயன்படுத்தப்பட்டு வருகிறது.

பெர்மெத்ரின் என்பது என்ன?

சாமந்தி இனப் பூ ஒன்றிலிருந்து கிடைக்கும் பைரெத்ரம் என்னும் இயற்கைப் பூச்சிக்கொல்லியை ஒத்ததாகச் செயற்கையாக உருவாக்கப்பட்ட மருந்து இது. பூச்சியின் நரம்புகளைத் தாக்கி அதனைச் செயலிழக்கச் செய்கிறது. நெடுநாள் பயன்தரும் கொசுவலைகள் சிலவற்றிலும் இது உள்ளது. துணியின் இழைகளில் நன்கு பற்றிக்கொள்வதால் சில சலவைகளுக்குப் பிறகும் நீடிக்கும். உலர்ந்த துணியிலிருந்து மனிதத் தோலுக்குள் செல்லும் அளவு மிகக் குறைவு. அவ்வாறு சென்றதையும் உடல் விரைவாகச் சிதைத்து வெளியேற்றிவிடுகிறது.

ஆயினும் இது பூச்சிக்கொல்லியே. சரியான வலுவில், சரியான முறையில் பயன்படுத்தும்போது மட்டுமே பாதுகாப்பானது. மேலும், இது பூச்சியை அண்டவிடாமல் விரட்டும் தைலம் அன்று. துணியில் ஏறும் பூச்சியைத் தொட்ட பின் கொல்லும் மருந்து. துணி மூடாத இடத்தில் இதனால் பயன் இல்லை.

எதை வாங்க வேண்டும்?

உடைகளுக்கும் துணிகளுக்கும் உரியது என உறையில் தெளிவாக அச்சிடப்பட்ட, 0.5 சதவீதம் பெர்மெத்ரின் உள்ள தெளிப்பு மருந்தையே வாங்குங்கள். ஆலையிலேயே பெர்மெத்ரின் ஏற்றப்பட்ட உடைகளும் உள்ளன; அவற்றில் மருந்து பல பத்துச் சலவைகள்வரை நீடிக்கும்.

இம்மருந்து ஊரகக் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. கிடைக்கவில்லை எனில் வேறு எந்தப் பூச்சிக்கொல்லியையும் அதற்கு மாற்றாகக் கொள்ளாதீர்கள். இப்பக்கத்தின் பிற்பகுதியில் கூறப்பட்டுள்ள, மருந்தில்லாப் பாதுகாப்பு முறைகளை முழுமையாகப் பின்பற்றினாலே ஆபத்து வெகுவாகக் குறையும்.

எந்த உடையில் ஏற்ற வேண்டும்?

பூச்சி கீழிருந்து மேலே ஏறுவதால், மருந்து ஏற்றுவதையும் கீழிருந்தே தொடங்குங்கள்:

1. காலணி, காலுறை
2. முழுக்கால் சட்டை, அதன் கீழ் விளிம்பில் கூடுதல் கவனம்
3. சேலையின் மேல் அணியும் முழுக்கைச் சட்டை. குறிப்பாகக் கை முனை, கீழ் விளிம்பு
4. தரையில் விரித்து அமரும் சாக்கு அல்லது துணி

பின்வருவனவற்றில் ஏற்றக் கூடாது: உள்ளாடை, பாவாடையின் உட்புறம், தலைத்துணி, முகம் துடைக்கும் துண்டு, குழந்தையைச் சுமக்கும் துணி, தூளி, உணவு கட்டும் துணி.

வயல் வேலைக்கென ஓர் இணை உடையைத் தனியாக ஒதுக்கி, அதில் மட்டும் மருந்து ஏற்றுவதே நன்று. அவ்வுடையை வீட்டில் அணியாதீர்கள்.

மருந்து ஏற்றும் முறை

1. உறையில் உள்ள குறிப்புகளை முழுமையாகப் படியுங்கள். படிக்க இயலாவிடில் படிக்கத் தெரிந்தவர் துணையுடன் செய்யுங்கள். உறையில் உள்ள அளவும் நேரமும் இங்குக் கூறப்படுவதிலிருந்து மாறுபட்டால் உறையில் உள்ளதையே பின்பற்றுங்கள்.
2. காற்றோட்டமுள்ள திறந்தவெளியில், நிழலில் செய்யுங்கள். காற்று வீசும் திசைக்கு எதிராக நிற்காதீர்கள். குழந்தைகள், கருவுற்ற பெண்கள், ஆஸ்துமா உள்ளோர் அருகில் இருக்க வேண்டா.
3. கையுறை அணிந்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள்.
4. துவைத்து உலர்த்திய உடையைக் கயிற்றில் தொங்கவிடுங்கள். அணிந்திருக்கும் உடையின் மேல் தெளிக்காதீர்கள்.
5. ஏறத்தாழ ஒரு சாண் தொலைவிலிருந்து, துணி ஈரமாகும்வரை முன்புறமும் பின்புறமும் சீராகத் தெளியுங்கள். சொட்டும் அளவுக்குத் தேவையில்லை.
6. நிழலிலேயே முற்றிலும் உலரவிடுங்கள். குறைந்தது 2 மணி நேரமும், மழைக்கால ஈரக் காற்றில் 4 மணி நேரம் அல்லது அதற்கு மேலும் ஆகும். ஈரம் இருக்கும்வரை அணியாதீர்கள்.
7. கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். தெளிக்கும்போது அணிந்திருந்த உடையை மாற்றிவிடுங்கள்.
8. மருந்து ஏற்றிய நாளைத் துணியின் ஓரத்திலோ நாட்காட்டியிலோ குறித்து வையுங்கள்.

எத்தனை நாள் பயன் தரும்?

வீட்டில் தெளித்த மருந்து பொதுவாக 6 வாரங்கள் அல்லது 6 சலவைகள்வரை நீடிக்கும். இவற்றுள் எது முன்னதாக வருகிறதோ அதன்பின் மீண்டும் ஏற்ற வேண்டும். வெயிலில் மருந்தின் வலு குறையும். எனவே மருந்து ஏற்றிய உடையை நிழலில் உலர்த்தி, ஒளி புகாத பையில் மடித்து வையுங்கள்.

துவைக்கும்போது பிற உடைகளுடன், குறிப்பாகக் குழந்தைகளின் உடைகளுடன் சேர்க்காதீர்கள். பிளீச்சிங் பவுடர் பயன்படுத்தாதீர்கள். பெர்மெத்ரின் மீன்களுக்கும் நீர்வாழ் உயிர்களுக்கும் கொடிய நஞ்சு. ஆகவே இவ்வுடையை ஏரி, குளம், வாய்க்காலில் துவைக்கவோ, துவைத்த நீரை அவற்றில் விடவோ கூடாது. நீர்நிலைக்கு அப்பால், கிணற்றிலிருந்து விலகிய மண்ணில் ஊற்றுங்கள். ஈர மருந்து பூனைகளுக்கும் ஆபத்தானது. உடை உலரும்வரை பூனைகளை அருகில் விடாதீர்கள்.

செய்யக் கூடாதவை

பயிர் மருந்தை உடையில் தெளிக்காதீர்கள். சைபர்மெத்ரின், குளோர்பைரிபாஸ், மோனோகுரோட்டோபாஸ் போன்ற பயிர் மருந்துகளின் செறிவும் கரைப்பானும் வயலுக்கென அமைந்தவை. பெயரின் முடிவு ஒத்திருப்பதால் ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. குறிப்பாக ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்துகள் தோல் வழியாகவே உடலுக்குள் சென்று நஞ்சாகும். வியர்வையில் நனைந்த உடை அவ்வாபத்தை மேலும் கூட்டும். பெர்மெத்ரின் பெயரிலேயே விற்கப்படும் பயிர் மருந்தையோ கால்நடை மருந்தையோ நீரில் கலந்து பயன்படுத்துவதும் கூடாது.

சொறி சிரங்குக்கான பெர்மெத்ரின் களிம்பை உடையில் தேய்க்காதீர்கள். அது 5 சதவீத வலுவுடையது. மருத்துவர் அறிவுரைப்படி தோலில் பூசிக் குறித்த நேரத்தில் கழுவிவிட வேண்டிய மருந்து. துணிக்கான தெளிப்பைத் தோலில் பூசுவதும், தோலுக்கான களிம்பைத் துணியில் பூசுவதும் தவறு.

வீட்டில் கொசு, கரப்பான் ஒழிக்கும் தெளிப்பை உடையில் பயன்படுத்தாதீர்கள்.

தெளிப்பு மருந்து தோலில் பட்டால் சோப்பும் நீரும் கொண்டு கழுவுங்கள். சற்று நேரம் அரிப்போ குறுகுறுப்போ இருக்கலாம். கண்ணில் பட்டால் 15 நிமிடங்கள் தூய நீரால் அலம்பி மருத்துவரை அணுகுங்கள். பயிர் மருந்து தெளித்த உடையை அணிந்தவருக்கு மிகுந்த வியர்வை, வாயில் நீர் ஊறுதல், வாந்தி, கண் மங்கல், மூச்சுத் திணறல் ஆகியவை தோன்றினால் உடனே உடையைக் களைந்து, உடலை நீரால் கழுவி, 108 ஆம்புலன்சை அழையுங்கள். மருந்துப் புட்டியையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

மருந்தில்லாமல் செய்யக்கூடிய பாதுகாப்பு

வேலைக்குச் செல்லும் முன்

• வேட்டியையோ லுங்கியையோ மடித்துக் கட்டிக்கொண்டு புதரில் இறங்காதீர்கள். முழுக்கால் சட்டை அணிந்து, அதன் முனையைக் காலுறைக்குள் செருகுங்கள். சட்டையை இடுப்புக்குள் செருகுங்கள்.
• பெண்கள் களையெடுக்கச் செல்லும்போது சேலையின் மேல் ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையை அணியும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. அது மிக நல்ல வழக்கம். கை முனைப் பொத்தானை மாட்டிக்கொள்ளுங்கள். சேலைக்குள் முழுக்கால் உடை ஒன்றையும் அணிந்தால் காலுக்கும் பாதுகாப்புக் கிடைக்கும்.
• மூடாத தோலில் டீட் போன்ற பூச்சி விரட்டியைப் பூசலாம். கண், வாய், புண் ஆகியவற்றில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உடைக்கு அடியில் பூச வேண்டா. இரண்டு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்குப் பூசக் கூடாது.

வேலை செய்யும்போது

• புல்லிலோ வரப்பிலோ நேரடியாக அமராதீர்கள், படுக்காதீர்கள். தார்ப்பாயோ சாக்கோ விரித்து அமருங்கள்.
• கழற்றிய சட்டையையும் துண்டையும் புதர் மீதோ புல்லிலோ போடாதீர்கள். மரக்கிளையில் உயரத் தொங்கவிடுங்கள்.
• குழந்தையைப் புல்தரையில் படுக்க வைக்காதீர்கள்.

வீடு திரும்பியதும்

• உடனே குளியுங்கள். சோப்பிட்டு, துணியாலோ பீர்க்கங்கூட்டாலோ நன்கு தேய்த்துக் குளிப்பது முக்கியம். சிற்றுண்ணி உடலில் ஏறியவுடன் நோயைப் புகுத்திவிடுவதில்லை. ஒட்டிச் சில மணி நேரம் உணவு கொள்ளும்போதே கிருமி உடலுக்குள் செல்கிறது. விரைவாகக் குளித்தால் அதற்கு முன் அதனை அகற்றிவிடலாம்.
• வேலை உடையைப் படுக்கையில் போடாமல், வெந்நீரில் துவைத்துவிடுங்கள். மருந்து ஏற்றிய உடைக்கு வெந்நீர் வேண்டா.
• வீட்டைச் சுற்றியுள்ள புதரையும் உயரப் புல்லையும் வெட்டி, தானியத்தை எலி புகாதவாறு மூடி வையுங்கள்.

நோயின் அறிகுறிகள்

கடித்து 6 முதல் 21 நாட்களுக்குள் அறிகுறிகள் தொடங்கும்:

• கடுங்காய்ச்சல், குளிர் நடுக்கம்
• கடுமையான தலைவலி, உடல்வலி
• இருமல், வாந்தி, வயிற்று வலி
• உடலில் சிவந்த தடிப்பு
• நெறி கட்டுதல்
• கடித்த இடத்தில் கருந்தழும்பு

கருந்தழும்பு இந்நோயின் சிறப்பு அடையாளம். பீடி நெருப்புச் சுட்டதுபோல் நடுவில் கறுப்பாகவும் சுற்றிலும் சிவந்தும் இருக்கும். வலியோ அரிப்போ இராது. ஆதலால் நோயாளி அதனை அறியாமலே இருக்கலாம். எல்லா நோயாளிகளிடமும் இது தோன்றுவதில்லை. தழும்பு இல்லை என்பதால் நோய் இல்லை எனக் கொள்ளக் கூடாது.

பராமரிப்பாளர் கவனத்திற்கு

காய்ச்சல் கண்டவரின் உடலை நல்ல வெளிச்சத்தில் தலை முதல் கால் வரை பாருங்கள். காதின் பின்புறம், தலைமுடிக்குள், அக்குள், மார்பகத்தின் அடிப்பகுதி, தொப்புள், இடுப்பு, தொடை இடுக்கு, பிறப்புறுப்பு, பிட்டம், முழங்காலின் பின்புறம் ஆகிய இடங்களை விட்டுவிடாதீர்கள். கூச்சத்தால் நோயாளி மறைக்கும் இடத்தில்தான் பெரும்பாலும் தழும்பு இருக்கும். மருத்துவமனையில் சொல்லத் தயங்கினால், பெண் செவிலியரிடமோ ஆண் செவிலியரிடமோ அவரவர் விருப்பப்படி கூறலாம்.

பின்வருவனவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் காலந்தாழ்த்தாமல் 108-ஐ அழையுங்கள்:

• மூச்சுத் திணறல் அல்லது வேகமான மூச்சு
• குழப்பமான பேச்சு, மிகுந்த தூக்கம், வலிப்பு
• சிறுநீர் குறைதல்
• கண் அல்லது தோல் மஞ்சளாதல்
• இரத்தக் கசிவு
• குழந்தை பால் குடிக்க மறுத்தல்

சிகிச்சை

உண்ணிக் காய்ச்சலை மாத்திரையால் குணப்படுத்த முடியும். டாக்சிசைக்ளின் முதன்மையான மருந்து. கருவுற்ற பெண்களுக்குப் பொதுவாக அசித்ரோமைசின் அளிக்கப்படுகிறது. தக்க நேரத்தில் தொடங்கினால் பெரும்பாலானோருக்கு 48 மணி நேரத்திற்குள் காய்ச்சல் தணியத் தொடங்கும். காய்ச்சல் விட்டதும் மருந்தை நிறுத்தாமல் மருத்துவர் குறித்த நாட்கள்வரை உட்கொள்ளுங்கள். டாக்சிசைக்ளினை நிறைய நீருடன் விழுங்கி, சிறிது நேரம் படுக்காமல் இருங்கள்.

இரத்தப் பரிசோதனையில் எலிசா முறை பரவலாகப் பயன்படுகிறது. காய்ச்சலின் முதல் நாட்களில் முடிவு எதிர்மறையாக வரக்கூடும். ஆகவே, மருத்துவர் நோயை ஐயுற்றால் முடிவுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்குவதுண்டு.

மருந்து தாமதமானால் நுரையீரல், மூளை, சிறுநீரகம், கல்லீரல் ஆகியவை பாதிக்கப்பட்டு உயிரிழப்பு நேரலாம். இந்தியாவின் பல மருத்துவமனைகளில் நடத்தப்பட்டு 2023-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியான ஆய்வு, கடுமையான நிலையில் உள்ளோருக்கு டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் நரம்பு வழியே சேர்த்து அளிப்பது, ஒன்றை மட்டும் அளிப்பதைவிட நற்பயன் தருவதாகக் கண்டறிந்தது. கடைகளில் தாமாக மாத்திரை வாங்கி உண்டு நாளைக் கடத்துவதே இந்நோயில் மிகப் பெரிய இழப்புக்கு வழிவகுக்கிறது. சாதாரணக் காய்ச்சலுக்கு வழக்கமாகத் தரப்படும் பல நுண்ணுயிர்க்கொல்லிகள் இக்கிருமியை அழிப்பதில்லை.

அடிக்கடி கேட்கப்படும் வினாக்கள்

மாட்டு உண்ணி, நாய் உண்ணி கடித்தாலும் நோய் வருமா?

வரலாம், ஆனால் அவை வேறு நோய்கள். உண்ணிகளால் பரவும் டைபஸ் வகைக் காய்ச்சல் இந்தியாவில் உண்டு. கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் 1957-இல் கண்டறியப்பட்ட குரங்குக் காய்ச்சலும் உண்ணியால் பரவுவதே. அங்குக் காட்டுக்குச் செல்வோருக்குப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய டெப்பா என்னும் விரட்டித் தைலம் வழங்கப்படுகிறது. பெர்மெத்ரின் ஏற்றிய உடை பெரிய உண்ணிகளுக்கு எதிராகவும் பயன் தரும். உடலில் உண்ணி ஒட்டியிருந்தால், நுண்ணிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றுவதும் நெருப்பால் சுடுவதும் கூடாது.

வேப்பெண்ணெய் பூசினால் போதாதா?

வேப்பெண்ணெயை மட்டும் நம்பத்தக்க பாதுகாப்பாகக் கொள்ள இயலாது. பூச விரும்பினால் பூசலாம். ஆனால் உடலை மூடும் உடையையும் உடனடிக் குளியலையும் கைவிடாதீர்கள்.

கருவுற்ற பெண் மருந்து ஏற்றிய உடையை அணியலாமா?

முற்றிலும் உலர்ந்த உடையால் கருவுக்குத் தீங்கு நேர்வதாகச் சான்று இல்லை. எனினும் மருந்து தெளிக்கும் வேலையைப் பிறரிடம் விட்டுவிடுங்கள். ஐயம் இருப்பின் கிராம சுகாதாரச் செவிலியரைக் கேளுங்கள்.

ஒருமுறை வந்தவருக்கு மீண்டும் வருமா?

வரலாம். இக்கிருமியில் பல வகைகள் உள்ளன. ஒருமுறை பெற்ற எதிர்ப்பாற்றல் நெடுநாள் நீடிப்பதில்லை.

மருந்து ஏற்றிய உடை அணிந்தால் நோய் வரவே வராதா?

அவ்வாறு கூற இயலாது. உடை ஆபத்தைக் குறைக்கும், முற்றிலும் நீக்காது. அவ்வுடை அணிந்து சென்றவருக்குக் காய்ச்சல் வந்தாலும் அதே விரைவுடன் மருத்துவரை அணுக வேண்டும்.

எங்கு அணுகுவது?

காய்ச்சல் தொடங்கியவுடன் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்லுங்கள். கடுமையான நிலையில் உள்ளோர் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பப்படுவர். அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. மருத்துவ ஆலோசனைக்கு 104, அவசர ஊர்திக்கு 108 ஆகிய எண்களை எந்நேரமும் அழைக்கலாம்.

மருத்துவரைப் பார்க்கும்போது மூன்று செய்திகளைக் கூறுங்கள்: காய்ச்சல் எத்தனை நாட்களாக உள்ளது, கடந்த மூன்று வாரங்களில் எந்த வயலுக்கு, புதருக்கு அல்லது காட்டுக்குச் சென்றீர்கள், உடலில் எங்கேனும் கருந்தழும்பு உள்ளதா. இவை சரியான சிகிச்சையை விரைந்து தொடங்க மருத்துவருக்கு உதவும்.

இப்பக்கத்தில் உள்ள தகவல்கள் விழிப்புணர்வுக்கானவை. மருத்துவரின் நேரடி ஆலோசனைக்கு மாற்றாகா.